ஷாகிதாவின் மாத்திரையும் பாய் கடைப் பாலும்

வானகரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது அந்த பியூட்டி பார்லர். அங்கே வேலை பார்த்த ஷாகிதாவுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. வாடிக்கையாளர்கள் கண்ணை மூடியிருக்கும்வரை எல்லாம் நன்றாகப் போகும். கண்ணைத் திறந்ததும் கெட்டுவிடும்.

ஃபேஷியல் முடிந்து ஈரப் பஞ்சை எடுத்தவுடன் எதிர்க் கண்ணாடியில் அவர்களுக்குத் தங்கள் முகம் தெரியும். அதற்கு மேலே, குனிந்து நிற்கும் ஷாகிதாவின் முகமும் தெரியும். இரண்டு கன்னத்திலும் தாடையோரத்திலும் பருக்கள். பழையவை கறுப்பு, புதியவை சிவப்பு, அன்று காலை வந்தவற்றுக்கு வெள்ளைத் தலை.

"ஏம்மா, இதே க்ரீமைத்தான் நீயும் போடுறியா?" என்று ஓர் அம்மாள் ஒருமுறை கேட்டார்.

"இல்லக்கா."

"அப்பாடா" என்றார் அவர்.

ஷாகிதாவுக்கு இருபத்தைந்து வயது. பூந்தமல்லிக்காரி. பத்தொன்பதில் வந்த பரு, வந்த விருந்தாளி கிளம்பாத மாதிரி தங்கிவிட்டது. கொரோனா முடிந்து ஊரே முகக்கவசத்தைக் கழற்றிப் போட்ட பிறகும் தெருவில் அவள் கழற்றவில்லை, பார்லருக்குள் வேலை நேரத்தில் மட்டும்தான் முகம் வெளியே தெரியும். சுத்தம் பார்க்கிற பெண் என்று எல்லாரும் மெச்சினார்கள். உள்ளே வியர்த்து வியர்த்துப் பரு இன்னும் இரண்டு வரிசை கூடியதுதான் மிச்சம்.

கை மட்டும் தங்கமான கை. புருவத்துக்கு நூல் போட்டால் வலி தெரியாது என்று மதுரவாயலிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வருவார்கள். மணப்பெண் அலங்காரமும் கற்றிருந்தாள். பார்லர் உரிமையாளர் ஆக்னஸுக்கு உதவியாளாக நாற்பது கல்யாணங்களுக்காவது போயிருப்பாள். ஆனால் பிரஷைப் பிடித்து மணப்பெண்ணின் முன்னால் உட்காருவது எப்போதும் ஆக்னஸ்தான். ஷாகிதா பின்னால் நின்று ஊசி எடுத்துக் கொடுப்பாள், பூ வைப்பாள், புடவை மடிப்பைப் பிடிப்பாள்.

தை மாதத்தில் அது மாறுவதற்கு ஒரு வழி திறந்தது. வைகாசியில் ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணங்கள் வந்து விழுந்தன. மண்டபங்கள் பக்கத்தில் இருந்தால் ஆக்னஸ் இரண்டைச் சமாளித்துவிடுவார். மூன்றாவதுக்கு இன்னொரு கை வேண்டும். அந்த மூன்றாவது, திருமுல்லைவாயில் கிருஷ்ணப்பிரியாவின் கல்யாணம். பேசுவதற்கு அவளுடைய அம்மா அனுசுயா வந்திருந்தார்.

அனுசுயா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பதினெட்டு வருடமாகத் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவர். மேசையில் வந்து விழும் ஒவ்வொரு சட்டையையும் விரித்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவர் தொழில். ஒரு பிசிறு, ஒரு சின்னக் கறை இருந்தாலும் சட்டை ஓரமாகப் போய்விடும். தொழில் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர யாரால் முடியும்?

"இவதான் ஷாகிதா. உங்க பொண்ணுக்கு இவதான் வருவா" என்றார் ஆக்னஸ்.

அனுசுயா ஷாகிதாவை வெளிச்சத்தில் பார்த்தார். இடது கன்னம், வலது கன்னம், தாடை.

"இந்தப் பொண்ணா?"

"கை ரொம்ப நல்ல கைங்க."

"கை நல்லாத்தான் இருக்கும். மூஞ்சிக்குத்தான கேக்குறேன்." பிறகு ஷாகிதாவைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. சொந்தக்காரங்க எல்லாம் மேக்கப் ரூமுல வந்து குந்திக்கினு இருப்பாங்க. 'இவ மூஞ்சியே இப்படி கீது, இவளா பொண்ணுக்குப் போடப்போறா'ன்னு ஒருத்தி சொன்னா போதும், என் பொண்ணு அழுதுடுவா. மை எல்லாம் கரைஞ்சிடும்."

சித்திரை இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் முழு அலங்காரமும் போட்டுப் பார்ப்பது வழக்கம். அன்று வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாக அனுசுயா கிளம்பினார்.

அவர் படியிறங்கியதும் ஆக்னஸ் கதவைச் சாத்தினார். "மூணு மாசம் இருக்கு. நல்ல ஸ்கின் டாக்டரைப் பாரு. சித்திரைக்குள்ள ஓரளவு சரியாச்சுன்னா அந்தப் பொண்ணு உனக்கு. அதுக்கப்புறம் எல்லா முகூர்த்தத்துக்கும் நீ தனியாவே போகலாம். சரியாகலேன்னா நான் வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டுத்தான் ஆகணும். அப்படி ஒருத்தி உள்ள வந்துட்டா, அப்புறம் அவளை எழுப்பிட்டு உன்னை உக்கார வைக்க என்னால முடியாது. பார்த்துக்கோ."

அம்பத்தூரில் டாக்டர் சுரேகாவின் கிளினிக்கில் ஷாகிதாவுக்கு டோக்கன் எண் முப்பத்தேழு. உள்ளே போனதும் டாக்டர் கேட்டார், "இதுவரைக்கும் என்னென்ன போட்டிருக்கீங்க?"

ஷாகிதா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். கடலை மாவு, முல்தானி மட்டி, எலுமிச்சம்பழம், பற்பசை, ஜாதிக்காய், வேப்பிலை அரைச்சது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பெயரில்லாத வெள்ளை க்ரீம். ஏழாவது விரலில் டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல டாக்டர். பருவுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"சம்பந்தம் மாத்திரைக்கு. கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு இதைக் குடுக்கக் கூடாது. அதனால எல்லார்கிட்டயும் கேட்பேன்." டாக்டர் எழுதிக்கொண்டே பேசினார். "இது ஆன்டிபயாட்டிக். தினம் ஒண்ணு. சாப்பிட்டதும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணியோட போடணும். போட்டதும் படுக்கக் கூடாது. வெயில்ல ஜாக்கிரதை, தோல் சீக்கிரம் சிவக்கும். ராத்திரிக்கு இந்த க்ரீம். நாலு நாள்ல அதிசயம் நடக்காது. ஆறு வாரம் கழிச்சு வாங்க."

மணி அடித்தது. முப்பத்தெட்டு உள்ளே வந்துவிட்டது.

மாத்திரை வீட்டுக்கு வந்த அன்றே ஷாகிதாவின் அம்மா மஹ்பூபா அட்டையை வாங்கிப் பார்த்தார். "ஆன்டிபயாட்டிக்கா? தினமுமா? அல்லாவே, சூடாச்சே அது! உடம்பு கொதிச்சுடும்."

நம் வீடுகளில் மாத்திரைகள் இரண்டே வகை. சூடு ஒன்று, சூடில்லாதது ஒன்று. சூட்டு மாத்திரைக்கு மாற்று என்ன என்று அரை நிமிடத்தில் வீட்டில் தீர்ப்பாகிவிடும். ஷாகிதாவின் அத்தா நூர் முகமது அதை அங்கேயே சொன்னார்.

"பால்ல போட்டா போச்சு. நம்ம கடைப் பாலு இருக்கும்போது இன்னா கவலை?"

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்த டீக்கடைக்குப் பலகை உண்டு, பெயர் கிடையாது. எல்லாருக்கும் அது பாய் கடை. பலகையில் எழுதியிருப்பது இதுதான்: 'பாலில் தண்ணீர் இல்லை. தண்ணீர் தனியாகக் கிடைக்கும்.' இருபது வருடமாக அந்த இரண்டு வாக்கியத்தையும் அவர் காப்பாற்றி வருகிறார். மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டி, கடைக்கு முன்னால் தகரத் தடுப்பு அடித்தபோதும் டிரைவர்களும் கண்டக்டர்களும் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து குடித்தார்கள்.

அன்று முதல் தினமும் காலை ஒன்பதேகாலுக்கு ஷாகிதாவின் ஸ்கூட்டர் கடை வாசலில் நிற்கும். பாய்லரிலிருந்து முதல் தரமான பாலை எடுத்து, ஏடு மேலே வருகிற மாதிரி ஆற்றி, பெரிய டம்ளரில் நூர் முகமது நீட்டுவார். அவள் மாத்திரையைப் போட்டு முழுப் பாலையும் குடிப்பாள். டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினால்தான் வானகரத்துக்குப் போக அனுமதி.

முதல் வாரத்தில் கொஞ்சம் நெஞ்செரிச்சல் வந்தது. "பாத்தியா, சூடு!" என்றார் மஹ்பூபா. மருந்துக் கடையில் வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கும் பிங்க் நிற மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தார். அதில் இரண்டு மூடி, காலையில் பசியாறியதும். கீழே அம்மாவின் பிங்க் மருந்து, மேலே அத்தாவின் பால், நடுவில் மாத்திரை.

தினமும் கண்ணாடி பார்ப்பது ஏமாற்றும் என்று ஷாகிதாவுக்குத் தொழிலிலேயே தெரியும். பார்லரில் எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் எடுத்து வைப்பார்கள். அதே பழக்கத்தில், பார்லர் ஜன்னலோரம், அதே நாற்காலி, அதே காலை வெளிச்சத்தில் தன் முகத்தைத் தினமும் போனில் எடுத்து வைத்தாள். நான்கு வாரம் ஓடியது. இருபத்தெட்டு படங்கள். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் மாறியிருந்தது அவள் துப்பட்டாவின் நிறம் மட்டும்தான்.

"டாக்டரை மாத்திடலாமா?" என்றார் ஆக்னஸ்.

"ஆறு வாரம் சொல்லியிருக்காங்கக்கா. பாப்போம்."

மாசியில் நோன்பு பிறந்தது. பகலில் பாய் கடை கிடையாது, அடுப்பு சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகுதான் எரியும். காலை மாத்திரை மாலைக்கு மாறியது. நூர் முகமது நோன்பு திறப்பதற்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார், அங்கே கஞ்சி ஊற்றும் பொறுப்பு அவருடையது. வீட்டில் அம்மாவும் மகளும்தான். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி, வடை. பசி அடங்கியதும் சொம்புத் தண்ணீரை டம்ளரில் ஊற்றி மாத்திரை. வடை சுடுகிற அவசரத்தில் மஹ்பூபாவுக்குப் பிங்க் பாட்டில் ஞாபகத்துக்கே வரவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஷாகிதா ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தாடையோரத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரத்தில் கன்னத்துச் சிவப்பு மங்கியது. இடையில் டாக்டரிடம் போனபோது, "நல்லாப் போயிட்டு இருக்கு, தொடருங்க" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். பெருநாளன்று உறவுக்காரப் பெண்கள் எல்லாம் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"நோன்போட பரக்கத்து, அல்லாவோட அருள்" என்றார் மஹ்பூபா. ஷாகிதாவும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? முகம் அவளுடையது. முகக்கவசம் இல்லாமல் பார்லருக்குப் போன முதல் நாளில், பேக்கரிக்காரர் புது ஆள் என்று நினைத்து, "மாடிக்குப் படி அந்தப் பக்கம்மா" என்று வழி சொன்னார்.

அந்தச் சந்தோஷம் பத்து நாள் நீடித்தது. பெருநாள் முடிந்ததும் பாய்லர் மறுபடி காலையிலேயே பற்றவைக்கப்பட்டது. ஒன்பதேகால் ஸ்கூட்டர், பெரிய டம்ளர், ஏடு. பங்குனி நடுவில் தாடையில் மூன்று முளைத்தன. அடுத்த நாள் கன்னத்தில் இரண்டு.

நோன்புதானே குணமாக்கியது என்று, பெருநாளுக்குப் பின் விருப்பப்பட்டவர்கள் வைக்கும் ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பையும் ஷாகிதா பிடித்தாள். வீட்டில் அந்த ஆறு நாளும் நோன்பு அவள் ஒருத்திக்குத்தான். நூர் முகமதுவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. மாலை ஆறு நாளும் கடையை ஆளிடம் விட்டுவிட்டு, தூக்குச்சட்டியில் பாதாம் பால் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தார். ஆறு நோன்பும் முடிந்தன. பருக்கள் ஒன்பதாகியிருந்தன.

அன்று பார்லரில் சாப்பாட்டு வேளையில் ஷாகிதா எண்பது படங்களையும் வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனாள். முகம் தெளியத் தொடங்கியது நோன்பில். கெடத் தொடங்கியது பெருநாளுக்குப் பிறகு. அது நோன்பின் வேலை என்றால் இந்த ஆறு நாளும் ஏன் கேட்கவில்லை? அந்த நோன்புக்கும் இந்த நோன்புக்கும் நடுவில் என்ன மாறியது? அதே பேரீச்சம்பழம், அதே நேரம், அதே மாத்திரை. மாத்திரையோடு உள்ளே போனது மட்டும்தான் வேறு. கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டு மூடினாள்.

"அக்கா, நான் அரை நாள் லீவு" என்றாள்.

இந்த முறை டோக்கன் எண் ஐம்பத்திரண்டு. நோன்பில் தெளிந்ததையும் பெருநாளுக்குப் பிறகு கெட்டதையும் சொல்லி, போனை டாக்டரின் மேசையில் வைத்தாள். டாக்டர் சுரேகா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முன்னும் பின்னும் இரண்டு தடவை.

"நோன்புல மாத்திரையை எதோட போட்டீங்க?"

"தண்ணி."

"அதுக்கு முன்னாடி?"

"பாலு. எங்க அத்தா கடைப் பாலு. கூடவே பிங்க் மருந்து ரெண்டு மூடி."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். கிளினிக்கில் அவர் பேனாவை வைத்து யாரும் பார்த்ததில்லை.

"நான் தண்ணின்னுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க டாக்டர். ஆனா பாலு வேணாம்னு சொல்லலியே. மாத்திரை சூடுன்னு ஊட்ல..."

"பால்ல இருக்கிற கால்சியம் இந்த மாத்திரையைப் பிடிச்சு வச்சுக்கும்மா. ரத்தத்துக்குள்ள சரியாப் போக விடாது. அந்தப் பிங்க் மருந்து அதைவிட மோசம். ரெண்டும் சேர்ந்தா, மாத்திரையோட பெரும்பகுதி வயித்துக்குள்ள சும்மா சுத்திட்டு வெளிய போயிருக்கும். எவ்வளவு பால்?"

"பெரிய டம்ளர்."

"கொஞ்சம் தண்ணி கலந்த பாலாவது இருந்திருக்கலாம்."

"எங்க அத்தா கலக்க மாட்டாரு டாக்டர்" என்றாள் ஷாகிதா, சோகமாக.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வெளியே ஐம்பத்து மூன்று எட்டிப் பார்த்தது. "பாதி நாள் பாலுக்குப் போச்சு. இன்னும் ஆறு வாரம் தர்றேன். அதோட மாத்திரையை நிறுத்திடணும், க்ரீம் மட்டும். நெஞ்செரிச்சல் வந்தா நீங்களா எதுவும் குடிக்காம எனக்கு போன் பண்ணுங்க." பிறகு ஓர் அட்டையை எடுத்து, 'இந்த மாத்திரைக்குப் பால் கூடாது' என்று பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினார்.

டாக்டரிடம் சொன்னது சுலபம். அத்தாவிடம் எப்படிச் சொல்வது? மறுநாள் ஒன்பதேகாலுக்கு டம்ளர் நீண்டபோது ஷாகிதா கைநீட்டவில்லை.

"அத்தா, பாலு வேணாம். தண்ணி குடுங்க."

"ஏன், பாலு திரிஞ்சிருக்கா?" நூர் முகமது பதறி மோந்து பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னாள். கடை வாசலில் நின்ற நான்கு டிரைவர்களும் இரண்டு கண்டக்டர்களும் சேர்ந்து கேட்டார்கள். நூர் முகமதுவின் முகம் மாறியது.

"இருபது வருஷமா இந்தப் பாலைக் குடிச்சுக்கினுதான் இந்த டிப்போவே ஓடுது. யாருக்கு இன்னா ஆச்சு?"

"பாலு மேல தப்பே இல்லத்தா. ரொம்ப கெட்டியா இருக்குறதால வந்த வினை. டாக்டரே சொன்னாங்க, 'உங்க அத்தா பாலுக்கு முன்னாடி என் மாத்திரை நிக்கல'ன்னு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அது வேலை செய்தது. நூர் முகமது டம்ளரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "அப்ப தப்பு மாத்திரை மேலதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பாலைத் தானே குடித்தார். பிறகு குடத்தை நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, அதே பெரிய டம்ளரில் விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தார். குடித்ததும் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்.

வீட்டில் மஹ்பூபா பிங்க் பாட்டிலைப் பரணில் ஏற்றினார். சித்திரை வெயில் ஏறியபோது ஷாகிதாவின் புறங்கை சிவந்து எரிந்தது. மாத்திரைக்கு வெயில் ஆகாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, முழங்கைவரை வரும் கையுறையும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கி மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

"இன்னாடி, மெட்ரோல வெல்டிங் வேலை கெடைச்சிருக்கா?" என்றார் மஹ்பூபா.

ஒத்திகை ஞாயிறு வந்தபோது தண்ணீருக்கு மாறி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. புதிதாக எதுவும் வரவில்லை. ஆனால் வந்தவை போகவும் இல்லை. தாடையில் ஐந்து, கன்னத்தில் நான்கு, பழைய கறுப்புப் புள்ளிகள் எண்ணிக்கையில் அடங்காது. காலையில் ஜன்னலோரப் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து முகக்கவசத்தை எடுத்தாள். மாட்டப் போனாள். உள்ளே போட்டாள். எப்படியும் அனுசுயா கழற்றச் சொல்லித்தான் பார்ப்பார்.

பதினோரு மணிக்கு அனுசுயா வந்தார். பின்னால் கிருஷ்ணப்பிரியா, துப்பட்டாவால் கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தை மூடியிருந்தாள். உட்கார்ந்ததும் அம்மா சொல்லி, முரண்டு பிடித்து, கடைசியில் அவிழ்த்தாள். நெற்றியில் நான்கு, கன்னத்தில் மூன்று. மூக்கு நுனியில் ஒன்று, குங்குமம் வைத்த மாதிரி.

"பாருங்கம்மா கொடுமைய" என்றார் அனுசுயா. அவர் குரலில் தை மாதத்து மிடுக்கு இல்லை. "பொறந்ததுலேர்ந்து ஒண்ணு வந்ததில்ல. பத்திரிகை அடிச்ச அன்னிக்கு ஆரம்பிச்சுது. எங்கூட்டாண்ட ஒரு டாக்டரு மாத்திரை எழுதினாரு. மூணு வாரமாச்சு, ஒண்ணும் அசையல. இன்னும் நாலு வாரத்துல கல்யாணம்."

ஆக்னஸ் கிட்டே வந்து பார்த்தார். "ஒரு டீப் க்ளீனப் பண்ணி, வாரம் ஒரு ஃபேஷியல் போட்டா..."

"வேணாம்க்கா" என்றாள் ஷாகிதா. முதலாளியின் பேச்சில் அவள் குறுக்கே புகுந்தது அதுதான் முதல் தடவை. "இப்போ மூஞ்சியத் தேய்ச்சா இன்னும் பொங்கும். நான் ஆறு வருஷமா தேய்ச்சிருக்கேன்."

அவள் கிருஷ்ணப்பிரியாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னா மாத்திரை? இருக்கா?"

அட்டை அனுசுயாவின் பையிலிருந்து வந்தது. அட்டையின் நிறம் வேறு, ஆனால் அதில் எழுதியிருந்த மருந்தின் பெயர் ஷாகிதாவுக்கு மூன்று மாதமாக மனப்பாடமான பெயர்.

"இத எதோட போட்டுக்கிற?"

கிருஷ்ணப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். அனுசுயா பைக்குள் மறுபடி கையைவிட்டு ஒரு பிளாஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். "பாலுதான். மஞ்சள், குங்குமப்பூ எல்லாம் போட்டது. சூட்டு மாத்திரையாச்சே, வெறும் தண்ணில எப்டி குடுக்கிறது? இப்போ கூட பதினொன்ரைக்கு ஒண்ணு போடணும்."

ஆக்னஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. ஷாகிதாவும் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு போனை எடுத்து, படங்களைக் காட்டி, பாய் கடைப் பாலின் கதை முழுவதையும் சொன்னாள். அனுசுயா ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றுகூட விடாமல். சட்டை பார்க்கிற அதே கண்.

"நோன்புல கிளீனாயிட்டு வந்துகீது" என்றார் கடைசியில். "அப்பால கறை விழுந்துகீது." பிளாஸ்க்கை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"நான் டாக்டர் இல்லக்கா. இந்த மாத்திரையப் பத்தி உங்க டாக்டர்கிட்ட இன்னிக்கே ஒரு வார்த்தை கேளுங்க. பாலு குடிக்கட்டும், வேற நேரத்துல குடிக்கட்டும்."

அனுசுயா அங்கேயே போன் போட்டார். இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டார். வைத்துவிட்டு, "தண்ணிதானாம்" என்றார்.

பதினொன்றரைக்குக் கிருஷ்ணப்பிரியா பார்லரின் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டாள். ஷாகிதா அலங்காரத்தைத் தொடங்கினாள். முதலில் தன் தாடையில் ஒரு பருவின் மேல் போட்டுக் காட்டினாள். சிவப்பை அடக்கப் பச்சை நிறத்தில் ஒரு பொட்டு, விரல் நுனியால் ஒற்றி. அது காயும்வரை பொறுமை. அப்புறம் தோல் நிறத்தில் மெல்லிசாக ஒன்று, மறுபடி ஒன்று. ஒரே தடவையில் அப்பினால் பரு மேடு கட்டி நிற்கும், விளக்கு வெளிச்சத்தில் இன்னும் பெரிதாகத் தெரியும். இதையெல்லாம் எந்த வகுப்பிலும் அவள் கற்கவில்லை. பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் போவதற்குத் தன் முகத்தில் ஆறு வருடம் போட்டுப் போட்டு வந்த கணக்கு.

கிருஷ்ணப்பிரியா கண்ணை மூடியிருந்தாள். பஞ்சு நெற்றிக்கு வந்தது, சுற்றிப் போனது, வலிக்கிற இடத்தில் மட்டும் காற்றுப் போலப் பட்டது.

"எங்க வலிக்குதுன்னு நான் சொல்லவே இல்லியே. எப்டிக்கா தெரியுது?"

"மூக்கு நுனியில வந்தா கண்ணுல தண்ணி வரும். நெத்தியில வந்தா வலிக்காது, அரிக்கும். எனக்குத் தெரியாதா?"

ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. கிருஷ்ணப்பிரியா கண்ணைத் திறந்தாள். கண்ணாடியில் தன் முகம். அதற்கு மேலே ஷாகிதாவின் முகம், தாடையில் ஒரு பரு மறைந்து, மற்ற எட்டும் அப்படியே. அவள் இரண்டையும் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு இவங்கதான். சொல்லிட்டேன்."

அனுசுயா மகளை ஜன்னலோரம் அழைத்துப் போனார். இடது கன்னம், வலது கன்னம், மூக்கு நுனி. தலையைச் சாய்த்து இன்னொரு தடவை மூக்கு நுனி.

"பாஸ்" என்றார்.

பிறகு ஷாகிதாவின் பக்கம் திரும்பினார். "நீயே வந்துடும்மா. எவளாவது ரூமுல ஒக்காந்துக்கினு உன் மூஞ்சியப் பத்திப் பேசட்டும், நான் பாத்துக்கிறேன்."

வைகாசி முகூர்த்தத்தன்று விடியலில் ஷாகிதா தனியாக ஸ்கூட்டரில், தன் சொந்தப் பெட்டியோடு திருமுல்லைவாயில் மண்டபத்தில் இறங்கினாள். கையுறை, கண்ணாடி எல்லாம் இருந்தன. முகக்கவசம் இல்லை. அவள் தாடையில் அன்று ஒன்று மட்டும்தான் மிச்சம், கன்னத்தில் பழைய புள்ளிகள். மணப்பெண்ணின் நெற்றி சமமாகியிருந்தது. மூக்கு நுனிக்குப் பச்சைப் பொட்டு தேவைப்படவில்லை. மேக்கப் அறையில் ஓர் அத்தை வாயைத் திறந்தார். "ஏன்டி அனுசுயா, இந்தப் பொண்ணு..."

"அத்தே, மொதல்ல டிபன் சாப்புடுங்க" என்று அனுசுயா அவரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய்விட்டார்.

ஆனியில் இரண்டு முகூர்த்தங்கள், ஆவணியில் நான்கு. ஆக்னஸின் டைரியில் அவற்றுக்கு நேரே ஷாகிதாவின் பெயர் இருக்கிறது. மாத்திரை நின்றுவிட்டது, இரவு க்ரீம் மட்டும் தொடர்கிறது. எப்போதாவது ஒன்றிரண்டு வருகின்றன, போகின்றன. ஃபேஷியலுக்கு வருகிறவர்கள் இப்போதும் கண்ணைத் திறந்ததும் அவள் முகத்தைப் பார்க்கிறார்கள். பருவோடு வருகிறவர்கள் மட்டும் ஆக்னஸை விட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு இல்லியா?" என்று கேட்கிறார்கள்.

பாய் கடைப் பலகையில் மூன்றாவது வாக்கியம் ஒன்று சேர்ந்திருக்கிறது: 'மாத்திரைக்குத் தண்ணீர் மட்டும்.' நூர் முகமதுவின் கண்ணில் படாமல் அந்த வாசலில் இனி யாரும் மாத்திரை போட முடியாது. எந்த மாத்திரைக்கு எது ஆகாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அதனால் எல்லா மாத்திரைக்கும் ஒரே சட்டம்.

போன வாரம் ஒருவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். நூர் முகமது கல்லாவைத் தாண்டி வந்து டீயைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னா பாய், இது சக்கரை மாத்திரை பாய்!"

"எதுவானா இருக்கட்டும். இந்தா தண்ணி. இத முழுசாக் குடி. டீ அரை மணி கழிச்சு."

"அரை மணியா? பஸ்ஸுக்கு டைமாச்சு பாய்!"

"போனா போவட்டும். பூந்தமல்லில பஸ்ஸுக்கா பஞ்சம்? அடுத்த பஸ்ல போ."

"இந்த பஸ்ஸ ஓட்டுறதே நான்தான் பாய்!"